ஐந்தாவது எழுத்து

அவரிடம் எதையும் ஒரே கேள்வியில் கேட்டு வாங்கிவிட முடியாது. "மிஸ், வெளியே மழையா?" என்று கேட்டால் எழுந்து போய் ஜன்னலைத் திறந்து கையை நீட்டிப் பார்ப்பார். திரும்பி வந்து உட்கார்ந்து, "இப்ப தூறுது. பெய்யுமோ எண்டு சொல்லேலாது" என்பார். அதற்குள் நாங்கள் சாப்பிடப் போய்விட்டிருப்போம். சாப்பாட்டுக் கடையில் மீ கோரெங் எப்படி என்று யாராவது கேட்டுவிட்டால் பாதித் தட்டு காலியாகும் வரை பதில் வராது. எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. ஆகவே முதல் ஒரு வருடம் அவரைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் தீவு நகரமான ஜார்ஜ் டவுனில் ஒரு ரத்த ஆராய்ச்சிக்கூடத்தில் படம் வரைகிற வேலையில் இருந்தேன். கட்டுரைகளுக்கான வரைபடம், புகைப்படம், இருட்டறைச் சாவி எல்லாம் என் பொறுப்பு. அவர் அங்கே விஞ்ஞானி. தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே குமாஸ்தாவாக வந்தவராம். மூன்றாம் தலைமுறையாகியும் அவர் வாயில் யாழ்ப்பாணம் அப்படியே இருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பருத்திச் சேலை, முழங்கை வரை வெள்ளைக் கோட்டு, கழுத்தில் சங்கிலியோடு தொங்கும் கண்ணாடி. எங்களை எல்லாம் தம்பி, தங்கச்சி என்பார். நாங்கள் "மிஸ்" என்போம்.

அவர் வேலை வாசிப்பது. ஒருவருடைய ரத்தத்திலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, நாலைந்து நாள் ஏதேதோ செய்து, கடைசியில் அதை ஓர் எக்ஸ்-ரே ஃபிலிமில் பதிய வைப்பார்கள். அந்த ஃபிலிமில் அருகருகே நான்கு வரிசைகள் இருக்கும். இடமிருந்து வலமாக ஜி, ஏ, டி, சி. ஒவ்வொரு வரிசையிலும் ஏணிப்படி போலச் சின்னச் சின்னக் கறுப்புக் கோடுகள். கோடு எந்த வரிசையில் விழுந்திருக்கிறதோ அதுதான் அந்த இடத்து எழுத்து. கீழேயிருந்து மேலே ஏறிக்கொண்டே வாசிக்க வேண்டும். அவர் ஒரு கையில் பிடித்த குண்டூசியால் கோட்டைத் தொட்டுக்கொண்டு, "ஜி, ஜி, சி, ஏ, ஜி" என்று வாசிப்பார். எதிரே ஒருவர் எழுத வேண்டும். பத்து எழுத்துக்கு ஒரு முறை நிறுத்துவார். குரல் ஏறாது, இறங்காது. கோயிலில் நன்கொடைப் பட்டியல் வாசிக்கிறவர்கூட பெரிய தொகை வந்தால் கொஞ்சம் குரலை உயர்த்துவார். இவரிடம் அதுவும் கிடையாது.

இப்படி ஒரே ஃபிலிமை மூன்று தரம் வாசிப்பார். ஒரு தரம் எழுதியவர் மறு தரம் எழுதக் கூடாது. முந்தைய தாளை அடுத்தவர் பார்த்துவிடாதபடி மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். மூன்று தாள்களும் ஒத்துப்போன பிறகுதான் வாயைத் திறந்து முடிவு சொல்வார். எங்கள் தலைவர் ஒரு தரம் ஏதோ மாநாட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் வந்து நின்று, "எனக்கு இன்றைக்கே தெரிய வேண்டும்" என்று மேசையைத் தட்டினார். "எனக்கும் தெரிய வேணும்தான், டாக்டர்" என்று சொல்லிவிட்டு இவர் குண்டூசியைக் கையில் எடுத்துக்கொண்டார். தலைவர் அந்த முடிவு இல்லாமலேயே விமானம் ஏறினார்.

மார்க்கெட் ஸ்திரீட் துணிக்கடைகளில் அவர் பெயர் பிரசித்தம். ஒரு சேலை வாங்க வேண்டுமானால் ஆறு கெஜத்தையும் விரிக்கச் சொல்லி ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை விரலால் தடவிக்கொண்டே போவார். பிறகு திருப்பிப் போட்டு மறு பக்கம். தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, கடைக்குள் மூச்சு விட இடமில்லாத நேரத்தில், அவர் அப்படித் தடவிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். கடைக்காரர் என்னைக் கண்டதும், "அண்ணே, இவங்க உங்க ஆபீஸ்தானே? கூட்டிட்டுப் போங்க லா. ஒரு சேலைக்கு ஒரு கடையையே அடைச்சிட்டாங்க" என்று கெஞ்சினார். மிஸ் நிமிராமல், "இதிலே ஒரு இழை விட்டுப்போயிருக்கு" என்றார். கடைக்காரர் குனிந்து பார்த்தார். இருந்தது.

எனக்கு அவர் மேல் இருந்த எரிச்சல் ஒரு படத்தால்தான் மாறியது.

செல் தன் ஆர்.என்.ஏ.வை எப்படி வெட்டி ஒட்டுகிறது என்பதற்கு ஒரு பெரிய வரைபடம் கேட்டார். நான் விஷயத்தைக் காதில் வாங்கிக்கொண்டு, நீளமாக ஒரு நாடா வரைந்து, நடுவில் அழகாக ஒரு கத்தரிக்கோல் போட்டுக்கொண்டு போனேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"அங்கே கத்தரிக்கோல் இல்லை, தம்பி."

"பின்னே எப்படி வெட்டுது மிஸ்?"

"வெட்டுறதுக்கெண்டு ஒரு சாமான் அங்கே காத்துக்கொண்டு இருக்கேல்லை. ஒவ்வொரு தரமும் புதுசா வந்து கூடுவினம். வேலை முடிஞ்சதும் கலைஞ்சிடுவினம். இருங்கோ, சொல்லுறன்."

அன்று அவர் சொன்னது இது. ரத்தத்தின் ஹீமோகுளோபினைச் செய்வதற்கு டி.என்.ஏ.யிலிருந்து ஒரு பிரதி எடுக்கப்படுகிறது. அதற்குப் பெயர் ஆர்.என்.ஏ. எடுத்த பிரதியை அப்படியே பயன்படுத்த முடியாது. அதில் வேண்டிய பகுதிகள் மூன்று, அவற்றுக்கு நடுவே வேண்டாத பகுதிகள் இரண்டு. வேண்டாததை எடுத்துவிட்டு வேண்டியதை ஒட்ட வேண்டும். ஓர் எழுத்து தள்ளி வெட்டினாலும் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் குழம்பிவிடும். இந்த வேலைக்கு ஐந்து குட்டி ஆர்.என்.ஏ.க்களும் ஏராளமான புரதங்களும் வந்து சேருகின்றன. யூ-ஒன்று என்பது வேண்டாத பகுதியின் தொடக்கத்தில் எழுத்துக்கு எழுத்து பொருத்திப் பார்த்து உட்காரும். யூ-இரண்டு, அந்தப் பகுதியின் முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் உள்ள ஒரு 'ஏ'யில் போய் உட்காரும். பிறகு நாலு, அஞ்சு, ஆறு மூன்றும் கூட்டமாக வரும். யூ-ஆறு வந்து யூ-ஒன்றின் இடத்தை வாங்கிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் தொடக்கம் அறுந்து, வளைந்து வந்து, அந்த 'ஏ'யோடு ஒட்டிச் சுருக்குக் கயிறு போலாகும். அடுத்து மறுமுனையும் அறுபட்டு, நல்ல பகுதிகள் இரண்டும் சேர்ந்துகொள்ளும். சுருக்கு உதிர்ந்துபோகும்.

"கவனிச்சியளோ? அதே எழுத்துகளை முதலில் யூ-ஒண்டு வாசிக்குது. பிறகு யூ-ஆறு வந்து திரும்ப வாசிக்குது. ரெண்டு பேரும் வாசிச்ச பிறகுதான் வெட்டு. உங்கடை உடம்புக்குள்ளே ஒவ்வொரு நிமிசமும் இது நடந்துகொண்டிருக்கு. நான் மூண்டு தரம் வாசிச்சா மட்டும் வெளியிலே போய்ச் சிரிக்கிறியள்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சிரித்தது நான்தான். அந்தப் படத்தை மறுபடி பதினோரு தரம் வரைந்து கொடுத்தேன். பன்னிரண்டாவதைப் பார்த்துவிட்டு, "ஓம், இது பிழையில்லை" என்றார். அவர் அகராதியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

என் வீட்டு விஷயத்தைச் சொல்ல வேண்டும். நாங்கள் கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த் பக்கம், மாக் மண்டினில் குடியிருந்தோம். என் மனைவி சாந்தி அங்கேயே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். மகள் கவிதா பிறந்து ஒரு வருடத்துக்குள் வெளிறிப்போய், சாப்பாடு இறங்காமல், வயிறு வீங்கிப் படுத்துவிட்டாள். தாலசீமியா என்றார்கள். நாலு வாரத்துக்கு ஒரு தரம் ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றுகிற ரத்தத்தோடு சேருகிற இரும்பை வெளியேற்ற, வாரத்தில் ஐந்து நாள் வயிற்றில் ஊசி குத்தி, பல மணி நேரம் மருந்து செலுத்த வேண்டும். அந்த ஊசியைக் குத்துகிறவள் சாந்தி. நான் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பேன்.

கவிதாவின் எழுத்தை வாசித்துச் சொன்னவர் மிஸ்தான். முதலாவது வேண்டாத பகுதியில் ஐந்தாவது எழுத்து. ஜி இருக்க வேண்டிய இடத்தில் சி. அவ்வளவுதான் கோளாறு. அந்த எழுத்து மாறியதால் யூ-ஒன்றுக்கு அங்கே பிடி சரியாகக் கிடைப்பதில்லை. வெட்டு அக்கம்பக்கத்தில் தப்பான இடத்தில் விழுகிறது, நல்ல பிரதி கொஞ்சம்தான் தேறுகிறது. எனக்கும் சாந்திக்கும் அந்த மரபணுவில் ஆளுக்கு ஒரு நல்ல பிரதி, ஒரு கெட்ட பிரதி. நாங்கள் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தோம். எங்கள் இருவரின் கெட்டதும் கவிதாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

ரத்தம் ஏற்றும் நாளில் மிஸ் மருத்துவமனைக்கு வருவார். யாரும் கூப்பிட்டதில்லை. ஒரு தரம் கவிதா அவரிடம், "ஆன்ட்டி, எனக்கு எப்போ சரியாகும்?" என்று கேட்டாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. நானாக இருந்தால் சீக்கிரம் சரியாகிவிடும் என்று வாய் கூசாமல் சொல்லியிருப்பேன். அவர், "எனக்குத் தெரியாது, பிள்ளை" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவரை வெளியே போகச் சொல்லியிருப்பேன். ஆனால் அவர் கவிதாவின் ஊசி இல்லாத கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ரத்தப் பை காலியாகும் வரை, நாலு மணி நேரம், அசையாமல் உட்கார்ந்திருந்தார். கவிதா அன்று அழவே இல்லை. "ஆன்ட்டி பொய் சொல்ல மாட்டாங்க" என்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாளாம்.

அதற்கு அடுத்த வருடம் சாந்தி மறுபடி உண்டானாள். நாங்கள் திட்டமிட்டதல்ல. வயிற்றில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தால் குழந்தைக்கு என்ன என்று தெரிந்துவிடும் என்றார்கள். நாலில் ஒரு பங்கு கவிதா மாதிரி ஆகலாம், நாலில் ஒரு பங்கு ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம், மீதி எங்களைப் போல. சாந்தி ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "இன்னொரு பிள்ளைக்கு என் கையால அந்த ஊசியைக் குத்த முடியாதுங்க." எடுத்த நீர் எங்கள் கூடத்துக்கே வந்தது. மிஸ் என்னைக் கூப்பிட்டு, "இந்த ஃபிலிமுக்கு நீங்க எழுதக் கூடாது. கிட்டவும் வரக் கூடாது" என்றார்.

நான் கிட்டே போனேன். இருட்டறைச் சாவி என்னிடம்தானே இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஃபிலிம் கழுவப்பட்டு, ஈரத்தோடு கிளிப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. எழுத்து வரிசைக்கான குறிப்பு எதுவும் இன்னும் அதில் போடவில்லை. காய்ந்த பிறகுதான் மிஸ் போடுவார். பரவாயில்லை, ஜி, ஏ, டி, சி என்று எத்தனை நூறு படங்களுக்கு எழுத்து ஒட்டியிருக்கிறேன்! கவிதாவின் ஃபிலிமை அச்சுக்குத் தயார் செய்து, அந்த ஐந்தாவது எழுத்துக்கு நேரே அம்புக்குறி போட்டதும் நான்தான். எந்த உயரத்தில் பார்க்க வேண்டும் என்று கண்ணுக்குத் தெரியும். ஈர ஃபிலிமின் ஓரத்தைப் பெருவிரலால் பிடித்து விளக்குக்கு நேரே திருப்பினேன். அந்த உயரத்தில் ஒரே ஒரு கோடு, கடைசி வரிசையில். சி.

அரைநாள் லீவு எழுதி வைத்துவிட்டு ஃபெரி ஏறியது நினைவிருக்கிறது. கடலைப் பார்த்த நினைவில்லை. வீட்டில் சாந்தி பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் நறுக்கி முடித்து, கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, "நாளைக்குக் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போயிடுவோம். நாள் தள்ளினா மனசு மாறிடும்" என்றாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கவிதாவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவைத்தேன்.

ஐந்து மணிக்கு வாசலில் ஒரு டாக்சி நின்றது. வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் மிஸ் இறங்கினார். கக்கத்தில் ஒரு பெரிய காக்கி உறை. அவர் ஆபீஸ் நேரத்தில் தீவைத் தாண்டி வந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"தம்பி, ஃபிலிமிலே பெருவிரல் அடையாளம் ஒண்டு கிடக்குது. உங்கடைதானே?"

"ஆமா மிஸ். பார்த்துட்டேன். இவகிட்டயும் சொல்லிட்டேன்."

"எந்தப் பக்கத்தாலே பார்த்தனீங்கள்?"

எனக்குப் புரியவில்லை. அவர் உறையிலிருந்து ஃபிலிமை எடுத்தார். அதன் ஒரு மூலை கத்தரித்து விடப்பட்டிருந்தது. "இது வலது பக்கம் மேலே இருக்கோணும். இருட்டுக்குள்ளே வைக்கும்போதே நான் அடையாளத்துக்கு வெட்டிவிடுவன். நீங்க முதுகுப் பக்கத்தாலே பார்த்திருக்கிறியள் போல. மேலே கீழே ரெண்டு எழுத்தாவது சேர்த்து வாசிச்சீங்களோ?"

வாசிக்கவில்லை. அந்த ஒரே கோட்டைத்தான் பார்த்தேன். முதுகுப் பக்கமாகப் பார்த்தால் கடைசி வரிசை முதல் வரிசையாகிவிடும். நான் பார்த்த சி உண்மையில்... எழுந்துவிட்டேன். "மிஸ், அப்படின்னா..."

"வாயைத் திறக்காதேங்கோ!" அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அன்றுதான். "ஒரு தரம்தான் வாசிச்சிருக்கிறன். ஒரு தரம் வாசிச்சதை வைச்சு நான் ஒரு சொல்லும் சொல்ல மாட்டன். திங்கட்கிழமை வரை வைச்சிருக்கலாம், ஆனா உங்களுக்குப் பொறுமையில்லை எண்டு எனக்குத் தெரியும். அதாலேதான் கொண்டு வந்தனான். தங்கச்சி, உங்களுக்கு எழுத வருமே?"

"வரும் அக்கா" என்றாள் சாந்தி. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கவிதாவின் பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

மிஸ் ஜன்னல் கண்ணாடியில் ஃபிலிமைச் சாய்த்துப் பிடித்தார். மாலை வெயில் அதன் வழியே வந்தது. மூலை வலது பக்கம் மேலே இருக்கிறதா என்று இரண்டு தரம் சரிபார்த்தார். பிறகு கோட்டுப் பையிலிருந்து குண்டூசியை எடுத்து, கீழேயிருந்து தொடங்கினார். "சி, டி, ஜி, ஜி, ஜி, சி, ஏ, ஜி." அதோடு வேண்டிய பகுதி முடிகிறது. அடுத்து வேண்டாத பகுதி. "ஜி, டி." இங்கே பத்து. நிறுத்தினார். சாந்தி தலையாட்டினாள். "டி, ஜி, ஜி, டி, ஏ, டி, சி."

பத்துக்குப் பிறகு மூன்றாவது எழுத்து விழுந்ததும் நான் முகத்தை மூடிக்கொண்டேன். வேண்டாத பகுதியில் அதுதான் ஐந்தாவது. ஜி. பக்கத்தில் வேறு கோடு இல்லை; எங்களைப் போல என்றால் சி வரிசையிலும் ஒரு கோடு இருந்திருக்கும். எங்கள் இருவரின் நல்ல பிரதிகளும் அந்தப் பிள்ளைக்குப் போயிருந்தன. மிஸ் குரல் மாறாமல் மேலே ஏறிக்கொண்டிருந்தார். நான் விம்முவதைக் கேட்டுச் சாந்தி பேனாவை நிறுத்தினாள். "எழுதுறவ பிந்துறா. பேசாமல் இருங்கோ, தம்பி" என்றார் மிஸ், திரும்பாமலே. கடைசிக் கோடு வரை வாசித்தார். கைப்பையிலிருந்து ஆபீசில் எழுதிய முதல் தாளை எடுத்து, சாந்தியின் நோட்டோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டார். ஒத்துப்போயிற்று.

"என்ன அக்கா? என்ன ஆச்சு?" என்றாள் சாந்தி.

"இன்னும் ஒரு தரம் இருக்கு. பிறகு சொல்லுறன்" என்றார் மிஸ். நோட்டை என்னிடம் நீட்டினார். "இந்தத் தரம் நீங்க எழுதுங்கோ."

புதுப் பக்கம் எடுத்தேன். அவர் மறுபடி கீழேயிருந்து தொடங்கினார். "சி, டி, ஜி, ஜி, ஜி, சி, ஏ, ஜி." எழுதினேன். "ஜி, டி." பத்து. "டி, ஜி."

அடுத்த எழுத்து வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். குண்டூசி அந்த ஐந்தாவது எழுத்தின் கோட்டின் மேல் நின்றுகொண்டிருந்தது. நனைந்திருந்த கண்ணாடியைக் கழற்றி, கோட்டு நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். உடனே திரும்பவும் கழற்றித் துடைத்தார். சாந்தி என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். ஏதோ விளங்கியது போலிருக்கிறது, மெல்ல எழுந்து போய் அவர் முதுகில் கை வைத்தாள்.

நான் பேனாவைத் தாளில் ஊன்றிக்கொண்டு, அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.